கோடையில் கயோட்டி: விளைநிலத்தில் அழைத்து வேட்டையாடுதல்

குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் நாலைந்து கயோட்டிகளை ஊதி அழைத்தவர்கூட ஜூன் மாதத்தில் வெறுங்கையோடு வீடு திரும்புவார். பனி மூடிய வெட்டவெளியில் அரை மைல் தொலைவில் வரும் விலங்கும் கண்ணில் பட்டுவிடும். ஜூலையில் கான்சஸ் மாநிலத்து மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். இருபதடி தள்ளி உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கயோட்டிகூடத் தெரியாது. அதன் வயிறும் காய்ந்திருக்காது. எலி, முயல், வெட்டுக்கிளி, வேலியோரத்து மல்பெரி என்று எல்லாம் காலடியில் கிடைக்கும் காலம் அது. சாகும் முயலின் ஓலத்தை மட்டும் நம்பி உட்காருகிறவர் கோடையில் கொசுக்கடியோடு எழுந்து போவார். இந்த மாதங்களில் கயோட்டியைப் புதரிலிருந்து கிளப்புபவை இரண்டு: குட்டியைப் பற்றிய பதற்றம், தன் எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்ற கோபம். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டைச் சுற்றியே நகரும்.

கான்சஸ், நெப்ராஸ்கா, அயோவா போன்ற அமெரிக்க நடுச்சமவெளி மாநிலங்களின் பண்ணைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கயோட்டியைப் பார்த்தறியாதவர்களுக்கு ஓர் அடையாளம்: நம்மூர் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். சமவெளியில் 10 முதல் 16 கிலோ வரை எடை இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த மேனி, வால் நுனியில் கறுப்பு. ஓடும்போது வாலைத் தாழ்த்தியே ஓடும். கோடையில் மயிர் உதிர்ந்து காதும் காலும் மட்டும் பெரிதாகத் தெரிவதால், நோஞ்சான் நாய் என்று நினைக்கத் தோன்றும். ஊர்ப்பக்கம் விடுமுறைக்குப் போகும்போது இங்கே கற்றதை நம் நரியிடம் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

யார் கேட்டால் போவது

கயோட்டி ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டி ஈனும். ஒரு ஈற்றுக்குச் சராசரியாக ஆறு குட்டிகள். மூன்றாம் வாரத்தில் அவை வளை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கும், ஐந்திலிருந்து ஏழு வாரத்துக்குள் பால் மறக்கும், எட்டு முதல் பத்து வாரத்தில் வளையை விட்டு வெளியேறும். ஆனாலும் கோடை முழுக்கத் தாயும் தந்தையும்தான் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. மே மாதத்தில் பால்மடியோடு ஒரு தாயைச் சுட்டால், வளைக்குள் ஆறு உயிர்கள் பட்டினியில் சாகும். அதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கோடையில் தோலுக்கு விலையும் கிடையாது. அதனால் ஆகஸ்ட் மாதத்துக்கு முன் பொழுதுபோக்குக்காகக் கயோட்டியை அழைக்காதீர்கள். ஆடோ கன்றோ பலியாகிறது என்று பண்ணைக்காரர் கூப்பிட்டால் மட்டும் போங்கள். அதற்கு உயிரியல் காரணமும் உண்டு. குட்டிகளுக்கு ஊட்டும் ஜோடிதான் எலியோடு நிற்காமல் ஆட்டுக்குட்டிக்கும் துணிகிறது. யூட்டா மாநிலத்தில் கருத்தடை செய்து விடப்பட்ட ஜோடிகள், குட்டி வைத்திருந்த ஜோடிகளைவிடக் குறைவாகவே செம்மறிகளைக் கொன்றன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே கோடைத் தொல்லை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஜோடியின் வேலை. அந்த ஜோடியைக் கண்டுபிடிப்பதே உங்கள் பணி.

கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினால் ஊரில் கயோட்டி ஒழியும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1975இல் கனோலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் போட்டது. ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டிகளைக் கொன்றுகொண்டே இருந்தாலும் அந்தக் கூட்டம் அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலே ஆகும் என்று அது காட்டியது. ஆட்டைத் தொடாத ஜோடி ஒன்று உங்கள் பண்ணையில் குடியிருந்தால் அதை விட்டுவைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேறு கயோட்டிகளை அந்த எல்லைக்குள் அது விடாது.

செத்த குட்டியை முதலில் பாருங்கள்

பண்ணைக்காரர் சொன்னவுடன் துப்பாக்கியை எடுக்காதீர்கள். செத்துக் கிடக்கும் ஆட்டுக்குட்டியைக் கேளுங்கள், வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். கயோட்டி பொதுவாகத் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்லும். காதுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால் பல் பதிந்த துளைகள் இருக்கும். கத்தியால் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருந்தால், கடி விழுந்தபோது குட்டி உயிரோடு இருந்தது என்று பொருள். ரத்தக்கட்டே இல்லாமல் சதை வெளுத்திருந்தால், தானாகச் செத்ததைக் கயோட்டி பிறகு வந்து தின்றிருக்கிறது. நோயில் செத்த குட்டிக்காகக் கயோட்டியைத் தண்டிப்பது அடிக்கடி நடக்கிறது.

புதிதாகப் பிறந்த குட்டி என்றால் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மூச்சு விட்ட குட்டியின் நுரையீரல் மிதக்கும், செத்துப் பிறந்ததன் நுரையீரல் அமிழும். குளம்பின் அடியையும் பாருங்கள். அங்கே இருக்கும் மெத்தென்ற சவ்வு தேயாமல் இருந்தால் அது எழுந்து நடக்கவே இல்லை.

தொடையிலும் விலாவிலும் காதிலும் கண்டபடி கடித்துக் குதறி, ஒரே இரவில் பல ஆடுகளைக் காயப்படுத்தி, தின்னாமல் விட்டுப் போயிருந்தால் நாயைச் சந்தேகியுங்கள். அக்கம்பக்கத்து வீட்டு நாயாகவே இருக்கலாம். ஈரமண்ணில் தடத்தைத் தேடுங்கள். கயோட்டியின் தடம் நீள்வட்டமாக, ஆறு ஏழு சென்டிமீட்டர் நீளத்தில், நடு நகங்கள் இரண்டும் நெருங்கிப் பதிந்திருக்கும். நாயின் தடம் பரந்து வட்டமாக இருக்கும், விரல்கள் விரியும்.

சட்டத்தை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்

கான்சஸில் கயோட்டிக்கு ஆண்டு முழுவதும் வேட்டைக்காலம், எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் வேட்டை உரிமம் வேண்டும். 1957 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர், சொந்த நிலத்துக்கு வெளியே வேட்டையாட வேண்டுமானால் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வேலிக்கால்களில் ஊதா வண்ணம் பூசியிருந்தால் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அங்கே வேட்டைக்குக் காலடி வைக்கக் கூடாது. நெப்ராஸ்காவில் உள்ளூர்வாசிக்குக் கயோட்டி வேட்டைக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை, வெளி மாநிலத்தவருக்குத் தேவை. இரவு வேட்டை, விளக்கு, வெப்பம் காட்டும் கண்ணாடி ஆகியவற்றுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படிக்காமல் இரவில் இறங்காதீர்கள்.

நம்மவர்களில் பலர் எச்-1பி, மாணவர் விசாக்களில் இருப்பவர்கள். அவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பத்தி இது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பர் இரவல் கொடுத்த துப்பாக்கியும் இந்தத் தடைக்குள் வரும். உரிமம் எடுத்து, வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டு, அதன்பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

குடியிருப்பைக் கண்டுபிடித்தல்

முதல் மாலை துப்பாக்கி வேண்டாம். காற்று அடங்கி இருட்டும் நேரத்தில், மண்சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று ஒரு தனி ஊளை விடுங்கள், அல்லது சைரன் ஒலியை எழுப்புங்கள். ஜூலையில் குட்டிகளுக்கு வாயை அடக்கத் தெரியாது. பெரியவை ஊளையிடத் தொடங்கியதும் கீச்சுக்குரலில் கூடச் சேர்ந்து கத்திவிடும். சத்தம் வந்த திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் நகர்ந்து மறுபடியும் கேளுங்கள். வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் குடும்பம் இருக்கும். பெரும்பாலும் அது ஓடைக்கரையாகவோ, பழைய மரவரிசையாகவோ, உழவு படாத மேடாகவோ இருக்கும். 1934 முதல் 1942 வரை புழுதிப் புயலைத் தடுக்க அரசு சமவெளியெங்கும் நட்ட மரவரிசைகளில் பல இன்றும் நிற்கின்றன. கயோட்டிக்கு அவை நெடுஞ்சாலை.

ஊளைக்குப் பதிலாகக் குரைப்பும் ஊளையும் கலந்த வெடுக்கென்ற சத்தம் கேட்டால், நீங்கள் குட்டிகளுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். மேலே போகாமல் அமைதியாகத் திரும்பிவிடுங்கள். 1819-20 குளிர்காலத்தை இன்றைய நெப்ராஸ்காவில் கழித்த தாமஸ் சே என்ற இயற்கையியலாளர் 1823இல் இந்த விலங்குக்கு வைத்த அறிவியல் பெயரின் பொருளே குரைக்கும் நாய் என்பதுதான். அதன் குரலைப் படிக்கக் கற்றவருக்குப் பாதி வேட்டை முடிந்தது.

எந்த வயல், எந்த நாள்

கோடையில் உங்களுக்கு வழி திறந்துவிடுவது அறுவடை இயந்திரம். தென் கான்சஸில் ஜூன் நடுவிலேயே கோதுமை அறுப்பு தொடங்கிவிடும். அதுவரை மறைவாக இருந்த நிலம் ஒரே நாளில் அரிதாள் வெளியாகிவிடும், ஒளிய இடமில்லாத எலிகள் ஓடும். குதிரைமசாலை மே மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று அறுப்பார்கள். புல் அறுத்த அன்று மாலையும் மறுநாள் விடியலும் கயோட்டி அந்த வயலுக்கு வராமல் இருப்பது அபூர்வம். பட்டப்பகலில் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து எலி பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வயலை எப்போது அறுக்கப் போகிறீர்கள் என்பது. அவர் சொல்லும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நேரம் விடியலின் முதல் ஒன்றரை மணி, அல்லது பொழுது சாயும் கடைசி ஒரு மணி. காலை ஒன்பதுக்கு மேல் கயோட்டி நிழலில் படுத்துவிடும், உங்களுக்கும் தலை சுற்றும்.

உட்காரும் இடம்

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், படமாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே ஓங்கிய மக்காச்சோளம். அதையொட்டிக் கிழக்கே அறுத்த குதிரைமசால் வயல். அந்த வயலின் கிழக்கு எல்லையில் மரவரிசை. கான்சஸ் கோடையில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே வீசும். விடியலில் நீங்கள் கிழக்கு மரவரிசையின் நிழலில் மேற்கு பார்த்து உட்காருகிறீர்கள். ஒலிப்பெட்டியை உங்களுக்கு முன்னால் நாற்பது மீட்டர் தள்ளி வயலில் வைக்கிறீர்கள். சோளத்திலிருந்து வெளியே வரும் கயோட்டி நேராக ஒலியிடம் வராது. காற்றடிக்கும் பக்கத்துக்கு, அதாவது வடக்கே வளைந்து போய் மோப்பம் பிடிக்கப் பார்க்கும். அந்த வளைவு முழுவதும் வெட்டவெளியில் நடக்கிறது. உங்கள் வாடை போகும் கோட்டை எட்டுவதற்கு முன்பே அது உங்கள் குறிக்குள் வந்துவிடும். எழும் சூரியன் உங்கள் முதுகில், அதன் கண்ணில். மாலையில் இதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

சோளத்துக்குள் உட்காராதீர்கள். இலை அசைந்து காட்டிக்கொடுக்கும், கையையும் கழுத்தையும் அறுக்கும், ஒன்றும் தெரியாது. மாட்டுக்குட்டையின் கரை, வட்டமாகச் சுருட்டிய வைக்கோல் உருளையின் நிழல், சிறு மேடு ஆகியவை நல்ல இடங்கள். சற்று உயரத்திலிருந்து சுட்டால் தோட்டா தரைக்குள் இறங்கும். கோடை விளைநிலத்தில் இதைவிட முக்கியமான பாதுகாப்பு இல்லை.

நுழையும் வழியும் முக்கியம். கயோட்டி படுத்திருக்கும் இடத்தின் மேல் உங்கள் வாடை போகாதபடி சுற்றிக்கொண்டு வாருங்கள். வண்டிக் கதவை அறையாதீர்கள். உண்ணி கால்சட்டைக்குள் ஏறாமலிருக்கக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, பூச்சிமருந்து அடித்துக்கொள்ளுங்கள். முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியே ஒவ்வாமையாகிவிடுகிறது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். உட்காரும் இடத்தை முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு நிழல் தேடும் காலம்.

என்ன ஒலி, எவ்வளவு

வாயால் ஊதும் ஊதல்களில் இரு வகை. சீவாளி குழலுக்குள் அடைபட்ட வகையில் ஊதினால் ஒரே ஓலம்தான் வரும், கற்பது எளிது. சீவாளி வெளியே நீட்டியிருக்கும் வகையில் உதட்டையும் பல்லையும் நகர்த்தி முயல், மான்குட்டி, நாய்க்குட்டி, ஊளை எல்லாம் எழுப்பலாம். நாகசுரச் சீவாளியில் உதடு செய்யும் அதே வேலை. டெக்சஸ் மாநிலத்து மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்ன்ஹாம் சகோதரர்கள் ஊதல்களை விற்றே இந்தக் கலையைப் பரப்பினார்கள். இப்போது மின்னணு ஒலிப்பெட்டி எல்லோரிடமும் இருக்கிறது. அதன் நன்மை, சத்தம் உங்களிடமிருந்து விலகி இருப்பது. என்றாலும் சீவாளி வெளியே உள்ள ஊதல் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். கடைசி இருபது மீட்டரில் அது கைகொடுக்கும்.

நான் பின்பற்றும் வரிசை இது. அமர்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருப்பேன். பிறகு ஒரே ஒரு தனி ஊளை, அதுவும் மிரட்டல் இல்லாத, வழிதவறி வந்தவன் குரல். நாலைந்து நிமிட அமைதி. எல்லைக்காரன் கோபமாக இருந்தால் இதிலேயே வந்துவிடுவான். வராவிட்டால், அடிபட்ட கயோட்டிக் குட்டியின் வீறிடலை அரை நிமிடம், மெதுவாகத் தொடங்கிச் சற்றே ஏற்றி. நிறுத்தம். மறுபடி ஒரு முறை. தன் குட்டி அல்ல என்று தெரிந்தாலும் பெரியவை பாய்ந்து வரும். ஜூன் மாதமானால் மான்குட்டி ஓலமும் நன்றாக இழுக்கும், மான்கள் ஈனும் காலம் அது. ஆனால் தாய்மானும் பாய்ந்து வரும், பக்கத்து மேய்ச்சலில் உள்ள மாடுகள் வேலியோரம் கூடிக் கத்தும். இரண்டுக்கும் தயாராக இருங்கள். சத்தத்தை உச்சத்தில் வைப்பது கோடையில் செய்யும் பெரிய தவறு. விலங்கு ஐம்பது மீட்டரில் சோளத்துக்குள் இருக்கலாம். இருபது நிமிடத்தில் எழுந்து போகலாம், ஆனால் எழுவதற்கு முன் வடபுறத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள்.

ஒரே இடத்தில் ஒரே ஒலியை நாலு நாள் ஊதாதீர்கள். தப்பிய கயோட்டிக்கு அந்தப் பாடம் மறக்காது.

சுடுவதற்கு முன்

சோளவரப்பில் வாய்ப்பு நாற்பது மீட்டருக்குள், இரண்டு மூன்று நொடியில் வந்து போகும். அங்கே 12 கேஜ் ரவைத் துப்பாக்கி சிறந்தது. அரிதாள் வெளியில் 55 கிரெய்ன் தோட்டாவுடன் .223 போதும். தொலைநோக்கியை மிகக் குறைந்த பெருக்கத்தில் வையுங்கள். ஓடிவரும் கயோட்டியை நிறுத்த வாயாலேயே ஒரு முறை குரைத்தால் நின்று பார்க்கும். தோளுக்குப் பின்னால் குறி வையுங்கள்.

சோளத்தைப் பார்த்துச் சுடாதீர்கள். அதற்குப் பின்னால் பாசன மோட்டார் இருக்கும், கால்நடை இருக்கும், வாய்க்கால் பார்க்க வந்த ஆள் இருப்பார். ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும், சோளத்தட்டை அதைத் தடுக்காது.

நாய் விஷயத்தில் நான் கற்றது ஒரு விடியலில். குட்டியின் வீறிடலுக்குப் பழுப்பு நிறத்தில் ஒன்று தலைதாழ்த்தி விரைந்து வந்தது. விரல் விசைக்குப் போய்விட்டது. முப்பது மீட்டரில் அது திரும்பியபோதுதான் கழுத்துப்பட்டையின் வளையம் மின்னியது. அடுத்த பண்ணைக் குழந்தைகளின் நாய். அன்றிலிருந்து, சுற்றியுள்ள எல்லா வீட்டிலும் என்ன நாய் உண்டு, என்ன நிறம் என்று கேட்காமல் ஊதலைத் தொடுவதில்லை. ஆட்டுக்கிடையில் காவலுக்கு விடப்படும் கிரேட் பிரனீஸ் போன்ற நாய்களும் இந்த ஒலிக்கு நிச்சயம் ஓடிவரும். அந்த வேளையில் அவற்றைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் ஓநாயும் உண்டு. உருவம் பெரிதாகத் தோன்றினால் விரலை எடுத்துவிடுங்கள்.

ஒன்று விழுந்ததும் எழுந்து ஓடாதீர்கள். உடனே குட்டி வீறிடலை மறுபடி எழுப்புங்கள். துணை வெளியே வர வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். கையுறை இல்லாமல் உடலைத் தொட வேண்டாம். சொறியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கும். பெண்ணாக இருந்தால் மடியைப் பாருங்கள். பால் இருந்தால் வளையில் குட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பட்டினிக்கு விடாமல் வளையைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு, பண்ணைக்காரரையும் அழைத்துக்கொண்டு அன்றே தேடுங்கள். உடலை அவர் காட்டும் இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். வாய்க்காலிலோ சாலையோரத்திலோ வீச வேண்டாம்.

பிறகு இரண்டு வாரம் ஆடுகளை எண்ணச் சொல்லுங்கள். பலி நின்றுவிட்டால், இலையுதிர்காலம் வரை அந்தப் பண்ணையில் மறுபடி ஊதாதீர்கள்.